வாசலில் சொல்லும் பொய்

பொய் சொல்லிக் கூட்டம் சேர்க்கலாமா?

கேள்வி பழையது. திருவிழாக் கடைத்தெருவில் கூவி அழைக்கும் வித்தைக்காரர் முதல், தேர்தல் மேடையில் முழங்கும் வேட்பாளர் வரை, அவரவர் தத்தம் வசதிக்கேற்ற விடையொன்றைத் தயாரித்து வைத்திருக்கின்றனர். நாம் இன்று இந்தக் கேள்வியை எழுப்புவது அவர்களுக்காக அன்று. கையில் ஒரு கைப்பேசி, நெஞ்சில் ஒரு கதை, இவ்விரண்டை மட்டுமே முதலாகக் கொண்டு, "நாமும் ஒரு படம் எடுத்தால் என்ன?" என்று கிளம்பியிருக்கும் நம் மாணவ இளைஞர்களுக்காக.

அவர்களிற் பெரும்பாலோர் எடுக்க விரும்புவது திகில் படம். வியப்பில்லை! காதற் காவியத்துக்கு அழகிய முகங்கள் தேவை. வரலாற்றுப் படத்துக்கு அரண்மனை வேண்டும், அம்பாரி வைத்த ஆனைகூட வேண்டும். திகிலுக்கு வேண்டியது இருட்டு. இருட்டுக்கு வாடகை இல்லை.

தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்திலே புதூர் என்றோர் ஊர் உண்டு. கோவில்பட்டிக்குக் கிழக்கே, கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில் ஒரு சிற்றூர். வானத்தை நம்பி விதைக்கும் மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைந்தால் விளைச்சல், ஐப்பசி மழை தவறினால் ஆண்டு முழுதும் அல்லல். அந்த ஊர் மாணவர் நால்வர் சேர்ந்து ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவனிடம் கதை இருக்கிறது, ஒருவனிடம் கணினி, இன்னொருவனிடம் தந்தையார் பருத்தி விற்ற பணத்தில் கடன் போக எஞ்சிய சிறு தொகை. வெடித்துப் பிளந்த கரிசற்காடு, சீமைக் கருவேலம் புதர், ஊருக்கு அப்பால் ஒற்றை விளக்கு. காமிராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் திகில்தான். படம் முடிந்துவிடுகிறது.

தொல்லை அதன் பிறகுதான் தொடங்குகிறது. யார் வந்து பார்ப்பார்கள்?

யோசனை கூறுவோர் ஓடி வருகிறார்கள். "உங்கள் இலக்கு யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளோர்தாம் திகில் பார்ப்பவர்கள். அவர்களைக் குறிவையுங்கள். உண்மையில் நடந்த பேய்க்கதை என்று போடுங்கள். முன்னோட்டத்தில் பெண்ணின் அலறலை வையுங்கள். கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும்!"

இலக்கு, குறி. சொற்களைக் கவனியுங்கள், தோழர்களே. இலக்கு என்பது வில்லாளி அம்பு எய்யும் இடம். குறி பார்ப்பவன் வேட்டைக்காரன். விருந்துக்கு அழைக்கப்படுபவரை யாரும் இலக்கு என்பதில்லை. பார்வையாளரைக் குறிக்கவே இப்படி ஒரு சொல் வாணிபத்தில் வழக்கமாகிவிட்டது என்றால், அழைப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் சொல்லைக் குறை கூறிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. யாருக்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுக்கும் படம் யாரையும் சென்று சேர்வதில்லை, அது மெய். ஆகவே, யாரை அழைப்பது, எப்படி அழைப்பது என்ற இரண்டும் வாணிபக் கேள்விகள் மட்டுமல்ல, அறத்தைப் பற்றிய கேள்விகளுமாம்.

சிக்கல் எங்கே இருக்கிறது? திகில் படம் என்பதே ஏமாற்றும் கலை. கொலைகாரனை நல்லவனாகக் காட்டுவார்கள், நல்லவன் கையில் கத்தியைக் கொடுப்பார்கள், கதவுக்குப் பின்னால் ஏதோ இருப்பதாக நம்ப வைத்துப் பூனையைத் துள்ளவிடுவார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம் பொய்யாகவே சொல்லப்போகிறவன் வாசலில் இன்னும் ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுவிட்டது? கேட்கக்கூடிய கேள்விதான், கெட்டிக்காரத்தனமான கேள்வியுங்கூட.

விடையை நாம் இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 1963ஆம் ஆண்டில் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார்: மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டுவோர்க்கு இலங்கை நாணயத்தில் ஒரு இலட்சம் ரூபாய் பரிசு! 1978இல் அவர் மறையும் வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது. அதே கோவூர் மாயவித்தைக்காரரைக் கண்டித்தாரா? இல்லை. வித்தைக்காரரும் வெறுங்கையில் திருநீறு வரவழைக்கிறார். சாமியாரும் வெறுங்கையில் திருநீறு வரவழைக்கிறார். கைத்திறன் ஒன்றே. வித்தைக்காரர், "இது வித்தை, முடிந்தால் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுச் செய்கிறார். சாமியார், "இது சக்தி, விழுந்து கும்பிடு" என்கிறார். வேறுபாடு விரல்களில் இல்லை, ஆரம்பத்தில் பேசிக்கொண்ட பேச்சில் இருக்கிறது.

திரைப்படமும் அப்படித்தான். சீட்டு வாங்கும்போது நாம் ஓர் ஒப்பந்தம் செய்கிறோம்: "எம்மை ஏமாற்று, நாம் இசைகிறோம்." அந்த இசைவுதான் உள்ளே சொல்லப்படும் அத்தனைப் பொய்யையும் கலையாக்குகிறது. இசைவையே பொய் சொல்லிப் பெற்றால்? பத்திரத்தில் வேறொன்றை எழுதிக் கைநாட்டு வாங்கிய லேவாதேவிக்காரனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

மறைப்பது வேறு, புளுகுவது வேறு. இதைத் தமிழ்நாட்டுப் பழைய கொட்டகைக்காரர்களே நன்கு அறிந்திருந்தனர். மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, படத்தாள் ஒட்டி, முன்னே தப்பட்டை முழங்க, ஊர் ஊராகப் போகும் விளம்பர வண்டியைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். வண்டிக்குப் பின்னால் சிறுவர் பட்டாளம் ஓடும், வண்ணத்தாளில் அச்சிட்ட நோட்டீசுக்காக. அந்த நோட்டீசில் பாதிக் கதை இருக்கும். நாயகி காட்டிலே தனித்து விடப்படுகிறாள், வில்லன் பின்தொடர்கிறான், அவள் கதி என்னவாயிற்று? அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். எத்தனை நேர்த்தியான அழைப்பு! அதில் புளுகு இல்லை. ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது, மறைக்கப்பட்டிருக்கிறது என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

நேர்மையாக அழைத்தால் வருவார்களா என்று கேட்பார்கள். வராமல் போனதும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' வெளிவந்தது. எஸ்.பாலசந்தர் இயக்கம். ஜாவர் சீதாராமன் எழுத்து. சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டைக் களமாகக் கொண்ட கொலைத் துப்பறியும் கதை. சுடப்பட்டுக் கிடப்பவன் கதாநாயகனே. சிவாஜி கணேசன் அந்த வேடத்தில். பாட்டு ஒன்றுகூட இல்லை! பாட்டுக்காகவே படம் என்றிருந்த நாட்டில், பாட்டில்லாப் படம்! மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் கல்லாப் பெட்டி நிறையவில்லை. நாம் அதை மக்களின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போக மாட்டோம். பாட்டை எதிர்பார்த்துக் காசு கொடுத்தவருக்குப் பாட்டு இல்லாதபோது வரும் ஏமாற்றம் நியாயமானதே. அந்தப் படத்துக்குரிய பார்வையாளர் பிற்பாடு தோன்றினர். எழுபது ஆண்டுகள் கழித்தும் அதைப் பேசுகின்றனர். சில படங்களுக்கு உரியவர்கள் காலம் கடந்துதான் வருகிறார்கள். ஆனால் பருத்தி விற்ற பணத்தைப் போட்டவனுக்கு எழுபது ஆண்டுகள் காத்திருக்க வசதியில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

மாணவர்கள் எடுத்து, மக்கள் திரண்டு பார்த்த திகில் படத்துக்குச் சான்று வேண்டுமானால், நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியில் பயின்று வெளிவந்த இளைஞர்கள் கூடி எடுத்த 'ஊமை விழிகள்' 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியாயிற்று. ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம். அதற்குமுன் படக்கல்லூரி மாணவர் என்றால் விருதுக்குப் படம் எடுப்பவர், விற்பனைக்கு உதவாதவர் என்ற எண்ணம் கோடம்பாக்கத்தில் வேரோடியிருந்தது. அந்த எண்ணத்தை இந்த ஒரு படம் சாய்த்தது. அதே குழுவினரிடமிருந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் 'உழவன் மகன்', 'செந்தூரப்பூவே' என்று வந்தன.

எப்படிக் கூட்டம் சேர்த்தார்கள்? விசயகாந்தை நடுத்தர வயதுக் காவல் அதிகாரியாக ஆக்கினார்கள். ஜெய்சங்கரைப் பத்திரிகை ஆசிரியராக அமர்த்தினார்கள். சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரையில் எடுத்தார்கள். பாட்டும் வைத்தார்கள். 'அந்த நாள்' பட்ட பாட்டை அறிந்திருந்தார்கள் போலும்! ஆக, மக்கள் விரும்பும் பண்டங்களை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் படத்தின் நடுவே இருப்பது என்ன? பெண்கள் காணாமற் போகிறார்கள். அச்சமூட்டும் கிழவி, ஆளில்லா வெளி, ஊளையிடும் காற்று, எல்லாம் உண்டு. பத்திரிகையாளர்கள் துருவுகிறார்கள், துன்புறுகிறார்கள், பத்திரிகையே நசுக்கப்படுகிறது. கடைசியில் குற்றவாளி யார்? பேயன்று, பிசாசன்று, பணமும் செல்வாக்கும் படைத்த மனிதன். அச்சத்தைக் காட்டிவிட்டு அதன் காரணத்தைத் தேடச் சொன்ன படம் அது. தேடினால் கிடைக்கும் என்றும் சொன்னது.

2016 டிசம்பரில் 'துருவங்கள் பதினாறு' வந்தபோதும் இதையே கண்டோம். பொறியியற் படிப்பை இடையில் விட்ட, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கார்த்திக் நரேன் இயக்கிய படம். பார்த்தவர் பார்க்காதவரிடம் சொன்னார், முடிவை மட்டும் சொல்லாமல் சொன்னார். அந்த வாய்மொழி விளம்பரத்தை எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

இனி எதிர்ப்பக்கத்தின் மிகப் பெரிய சான்றுக்கு வருவோம். அதைத் தவிர்த்துவிட்டு வாதம் செய்வது கோழைத்தனம். அமெரிக்காவில், மத்திய புளோரிடா பல்கலைக் கழகத்தில் திரைக்கலை பயின்ற டேனியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் இருவரும் 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' என்ற படத்தை எடுத்தனர். படப்பிடிப்புக்கு ஆன செலவு சில பத்தாயிரம் டாலர்தான். 1999இல் வெளிவந்து உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் குவித்தது! எப்படி? "மூன்று மாணவர்கள் சூனியக்காரியைத் தேடிக் காட்டுக்குப் போனார்கள், திரும்பவில்லை, அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் கிடைத்தது" என்றார்கள். அது கதை என்று சொல்லவில்லை. இணையத்தில் பக்கம் அமைத்துப் போலிச் சான்றுகளை அடுக்கினார்கள். 'காணவில்லை' என்று நடிகர்களின் முகத்தை அச்சிட்டு ஒட்டினார்கள். நடிகர்களின் சொந்தப் பெயர்களையே பாத்திரங்களுக்குச் சூட்டினார்கள். உலகம் நம்பியது.

வெற்றி, மறுப்பதற்கில்லை. அதன் விலையை யார் கொடுத்தது? செத்தவர் என்று அறிவிக்கப்பட்ட நடிகர்கள், உயிரோடு விளம்பர மேடையில் தோன்றினால் பொய் வெளிப்பட்டுவிடுமே! எனவே ஒதுங்கியிருக்கச் செய்யப்பட்டார்கள். படம் புகழின் உச்சிக்குப் போகையில், அதில் நடித்தவர்கள் மறைந்திருக்க வேண்டியதாயிற்று. நாயகியின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன. மகள் உயிரோடிருக்க, தாய்க்குத் துக்கம் விசாரிப்பு! அந்த மூவரும் 2024ஆம் ஆண்டிலும், கால் நூற்றாண்டு கழித்தும், தங்கள் உழைப்புக்கு உரிய பங்கு கேட்டு வெளிப்படையாக அறிக்கை விட வேண்டியிருந்தது. பொய்யில் கிடைத்த கோடிகள் ஒரு பக்கம் சேர்ந்தன. பொய்யின் பாரம் கூலிக்கு நடித்தவர் தோளில் இறங்கியது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

"அது வேடிக்கைப் பொய், யாருக்கும் தீங்கில்லை" என்பார்கள். வள்ளுவரே வாய்மையைத் தீங்கின்மை என்னும் கோலால்தானே அளந்தார் என்று குறளையும் துணைக்கு அழைப்பார்கள். நல்லது, அதே கோலை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். புளோரிடாவில் தீங்கில்லாத பொய் புதூரிலும் தீங்கில்லாததுதானா?

கரிசற்காட்டுச் சிற்றூரில் ஒரு பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள், அல்லது ஓயாமல் பேசுகிறாள், அல்லது இரவில் எழுந்து நடக்கிறாள். காரணம் என்னவாயினும் இருக்கலாம். பேறுகால நலிவு, பட்டினி, மாமியார் கொடுமை, மூளையில் ஏற்பட்ட நோய். மருத்துவமனைக்குப் பேருந்து ஏற வேண்டும். கோடாங்கியோ தெருமுனையில் இருக்கிறார். உடுக்கை அடிக்கிறது. "யார் நீ, சொல்!" என்ற அதட்டல். வேப்பங்குழை, பிரம்பு, கூந்தலைப் பிடித்து ஆணியில் முடிவது. அந்தப் பெண் படும் பாட்டை அவள் அனுபவிக்கவில்லை, அவளுக்குள் இருக்கும் 'அது' அனுபவிக்கிறது என்று சுற்றி நிற்பவர் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் தீப்பிடித்தது. மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை. தர்காவுக்கு அழைத்துவந்தால் பீடித்த தீயசக்தி நீங்கும் என்று நம்பி உற்றார் கொண்டுவந்து விட்டவர்கள். ஓடிப் பிழைத்திருக்கலாம், கால்களில் சங்கிலி! 28 உயிர்கள் கருகின. அவர்களைச் சங்கிலியில் பிணைத்தது இரும்பு மட்டுமா? பேய் உண்டு என்னும் எண்ணம் பல தலைமுறைகளாக அடித்துச் செய்த கண்ணி அது. கோயிலானாலும் தேவாலயமானாலும் தர்காவானாலும், அந்தக் கண்ணி ஒன்றேதான்.

இப்போது அந்தச் சுவரொட்டியைப் பாருங்கள்: 'உண்மையில் நடந்த பேய்க்கதை.' கோவில்பட்டிப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. கல்லூரி மாணவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். விளம்பரம் என்று அவனுக்குத் தெரியும். சந்தைக்கு வந்த ஒரு தாய் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்ட மகள் இருக்கிறாள். படித்த பிள்ளைகளே எடுத்த படம், அவர்களே 'உண்மை' என்று போட்டிருக்கிறார்கள்! கோடாங்கிக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று யார் தரமுடியும்? படம் ஓடி முடிந்து, தட்டி கழற்றப்பட்ட பின்னரும், அந்த ஒரு சொல் அவள் வீட்டில் தங்கிவிடும். பொய்யைக் குறிவைத்தது ஒருவரை நோக்கி; அம்பு தைத்தது மற்றொருவரை.

இந்த இடத்தில் நாம் பேய்ப் படங்கள் கூடவே கூடாது என்று ஆணை பிறப்பிப்பதாக எவரும் கருத வேண்டாம். கற்பனையில் பேய் வரலாம், பூதம் வரலாம், கழுதை பேசலாம். பாட்டி சொன்ன கதையில் வராததா? கதை என்று சொல்லிச் சொன்னாள் பாட்டி, அவ்வளவுதான்.

'பீட்சா' என்ற படத்தை இளைஞர்கள் அறிவார்கள். 2012இல் கார்த்திக் சுப்பராஜ் இயக்கியது. தொலைக்காட்சியில் குறும்படப் போட்டியின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தவர் அவர். (இதுவரை பார்க்காதவர் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்க, முடிவைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது.) பணக்கார முதலாளிக்குப் பேய் நம்பிக்கை. அவரிடம் வேலை பார்க்கும் ஏழை இளைஞன் கையில் வைரங்கள் சிக்குகின்றன. பேய் மாளிகையில் மாட்டிக்கொண்டதாக அவன் ஒரு கதை கட்டுகிறான், முதலாளி அப்படியே நம்பிவிடுகிறார். பேய்க்கதை என்பது நம்புகிறவன் சட்டைப்பையில் கைவிடும் கருவி என்பதை இவ்வளவு சுவையாகச் சொன்ன தமிழ்ப்படம் அரிது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்! இறுதிக் காட்சியில் மெய்யாகவே ஒரு பேய் வீட்டைக் கொண்டுவந்து வைத்து, கட்டிய கோட்டையைத் தாமே இடித்தார்கள். பார்வையாளரை இன்னொரு முறை அலறவைக்கும் ஆசை. கலைஞனின் உரிமை அது. குறை சொல்வது நம் உரிமை.

சரி, ஏழை மாணவனுக்குப் பொய்யை விட்டால் வேறு வழி என்ன என்ற வாதம் மிஞ்சியிருக்கிறது. "கோடிகளைக் கொட்டி விளம்பரம் செய்யும் முதலாளியோடு நாங்கள் எதைக் கொண்டு மோதுவது? எங்களிடம் இருப்பது நாக்கு ஒன்றுதானே, ஐயா!" என்கிறான் மாணவன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாக்கைக் கொண்டு புளுகத்தான் முடியுமா? 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ'வை எடுத்தபோது, அவர் அளவில் அது சிக்கனப் படம். தொலைக்காட்சிக்கு வேலை செய்த குழுவை வைத்து, கறுப்பு வெள்ளையில் எடுத்தார். விளம்பரத்துக்கு அவர் கையாண்ட உத்தி, படம் தொடங்கிய பின் எவரையும் கொட்டகைக்குள் விடமாட்டோம் என்ற அறிவிப்பு. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோள் வேறு. கதவைச் சாத்தியதே விளம்பரமாயிற்று! இதில் எந்தப் பொய்யும் இல்லை. 1958இல் வில்லியம் காசில் என்பவர் தம் 'மக்காபர்' படத்தைப் பார்த்து அச்சத்தால் எவராவது இறந்தால் ஆயிரம் டாலர் காப்புறுதித் தொகை என்று சீட்டோடு பத்திரமே கொடுத்தார். அது குறும்பு; கொடுத்தவரும் சிரித்தார், வாங்கியவரும் சிரித்தார். இருவருக்கும் விளையாட்டு என்று தெரிந்த இடத்தில் ஏமாற்று இல்லை. கோவில்பட்டிக்காரனுக்கு இதைவிட நல்ல குறும்பு தோன்றாமலா போகும்?

பேய்ப் பொய்யினும் கொடிய குறுக்குவழி ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள் பலர். "இந்தப் பகுதியில் இன்ன சாதியார் இத்தனை பேர், நாயகனுக்கு அவர்கள் பெயரை வை, சட்டைக்கு அவர்கள் கொடியின் வண்ணத்தைப் பூசு, ஒரே வாரத்தில் போட்ட காசு திரும்பும்" என்று காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் இதைவிடத் துல்லியமான 'இலக்கு' கிடையாது. ஊர், தெரு, வீடு வரைக்கும் வகுத்து வைத்திருக்கிறார்களே நம் முன்னோர்! தென் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி, யார் எந்தச் சாதி என்று அடையாளம் காட்டிக்கொள்ளும் அவலத்தை நாடறியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க ஒரு குழு பாடுபடுகையில், திரையில் அதே கயிற்றைக் கட்டிவிடுகிறவன் எந்தக் கலைக்குத் தொண்டு செய்கிறான்? ஒரு சாதியை அழைக்கும் சுவரொட்டி, மற்றவர் எவரும் வரவேண்டாம் என்றும் அறிவிக்கிறது. பழைய கூடாரக் கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசால் பிரித்தார்கள். அது கொடுமைதான், ஆனால் விளக்கணைந்தபின் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். ஒரே இருட்டில், ஒரே கணத்தில், யார் யாரென்று தெரியாமல் அத்தனை பேரும் பதறுவது திகில் படத்தின் தனிச்சிறப்பு. அதைச் சாதி வாரியாகப் பங்கிடுவதா?

அப்படியானால் புதூர் மாணவர்கள் யாரை அழைப்பது?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலில் கை ஓயாமல் உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குச்சி அடுக்கிப் பெட்டி நிரப்பும் கைகள். கரிசற்காட்டு எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' படத்தை இயக்கினார், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில். திகில் படத்தில் துரத்தப்படுபவள் எப்போதும் பெண்; அலறுபவள் பெண்; இருட்டில் தனியே நடக்கும் அச்சத்தை உள்ளபடி அறிந்தவளும் பெண். விடியுமுன் ஆலை வண்டிக்குக் காத்து நிற்பவளுக்குத் திகிலைப் பற்றி எந்தப் படக்கல்லூரியும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அவளை எவரும் அழைப்பதில்லை. இரவு பத்து மணி ஆட்டத்துக்கு அவளால் வரமுடியாது. வந்தால் திரும்ப வண்டி கிடையாது. கதையில் அவள் உண்டு, கொட்டகையில் இல்லை! ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஓர் ஆட்டம் வைத்துப் பாருங்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து என்ற வாணிபக் கணக்கில் அகப்படாத கூட்டம் வருகிறதா, இல்லையா என்று பார்க்கலாம்.

வருமுன்பே பங்காளி ஆக்கிக்கொண்டால் இன்னும் நன்று. 1976இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு முதல் போட்டவர்கள் யார்? குசராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள், ஐந்து இலட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய்! படம் வெளிவந்தபோது லாரி லாரியாக வந்து பார்த்தார்கள், தங்கள் படத்தைத் தாங்கள் பார்க்க. கேரளத்தில் ஜான் ஆபிரகாம், ஒடேசா என்ற குழு அமைத்து, ஊர் ஊராகச் சென்று சாப்ளின் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். நம் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யைத் தந்த அதே ஜான் ஆபிரகாம்தான். இவை திகில் படங்கள் அல்லவே என்பீர்கள். பெங்களூரில் பவன்குமார் எடுத்த 'லூசியா' திகிலும் புதிரும் கலந்த கன்னடப் படம். தயாரிப்பாளர் கிட்டாதபோது அவர் மக்களிடமே கேட்டார். 27 நாள்களில், நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, ஐம்பது இலட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2013இல் படம் வந்தது. இரண்டு ரூபாய் போட்டவரிடம் நீங்கள் பொய் சொல்ல முடியாது. அவர் கணக்குக் கேட்பார்.

புதூரில் ஐம்பது இலட்சம் சேராது. சேர வேண்டியதும் இல்லை. வெள்ளைத் திரைச்சீலை ஒன்று, ஒளிப்படக் கருவி ஒன்று, ஒலிபெருக்கி இரண்டு, ஊர்ப் பள்ளித் திடல். நோட்டீசு அடிக்கச் சிவகாசி பக்கத்தில்தான். அதில் என்ன அச்சிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம், வேண்டுமாயின் மாற்றிக்கொள்ளட்டும்:

'இதில் வருவன யாவும் கற்பனை. பேய் இல்லை. பாட்டு இல்லை. பெரிய நடிகர் எவரும் இல்லை. நடித்திருப்பவர்கள் உங்கள் தெருப் பிள்ளைகள். ஒரு பெண் காணாமற் போகிறாள். அவளை யாரும் தேடவில்லை, ஒருத்தியைத் தவிர. மீதியைப் பள்ளித் திடலில் காண்க. ஞாயிறு மாலை ஆறு மணி, எட்டுக்கு முடிந்துவிடும். தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு முன்வரிசை. முடிவை வெளியே சொல்லாதீர்கள்.'